வரைந்து தொடங்கும் பிள்ளை, வெட்டித் தொடங்கும் பிள்ளை: நாகர்கோவிலில் ஒரு 12 நாள் வடிவமைப்புப் பயிற்சி

இந்தக் கோடை விடுமுறையில் என் மகளையும் அக்கா மகனையும் நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் நடக்கும் ஒரு வடிவமைப்பு, தொழில்நுட்பப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஞாயிறு நீங்கலாக 12 நாள், காலை 9.30 முதல் மதியம் 1 மணி வரை. மரம், அட்டை, மின்னணுப் பொருள்கள் எல்லாம் உட்பட ஒரு பிள்ளைக்குக் கட்டணம் 4,500 ரூபாய். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் 18 பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். நடத்துபவர் ஒரு பொறியாளர். பிள்ளைகள் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். மரவேலை சொல்லிக்கொடுக்க வயது முதிர்ந்த ஓர் ஆசாரி தினமும் வந்தார். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும், அவற்றை நேரிலேயே சொல்லி, அடுத்த அணிக்குள் திருத்துவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருப்பதாலும் கூடத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இப்படிப்பட்ட பயிற்சிகளுக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா மகன் 9ஆம் வகுப்பு. எந்த வேலையையும் தாளில் முழுதாக வரைந்து, அளவுகளை எழுதி, மனத்துக்குள் ஒருமுறை செய்து பார்த்த பிறகே பொருளைத் தொடுவான்; தவறாக வெட்டிவிட்டால் பலகை வீணாகுமே என்ற அச்சம் அவனுக்கு உண்டு. என் மகள் 8ஆம் வகுப்பு. கத்தரிக்கோலும் அட்டையும் கையில் இல்லாமல் அவளுக்குச் சிந்தனையே ஓடாது. வெட்டுவாள், ஒட்டுவாள், பிய்த்துப் போடுவாள், நான்காவது முறையில் ஏதோ ஒன்று நிற்கும். ஏன் நிற்கிறது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கே தெரியும். அவள் படிக்கும் பள்ளியில் தொழில்நுட்பக் கூடம் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெட்டி, ஒரே செய்முறைத் தாள், முதலில் வரைபடம், பிறகு பட்டியல், பிறகு செய்தல் என்ற ஒரே வரிசை. வரைபடம் முடியாத பிள்ளைக்குப் பொருள் கிடைக்காது. ஓராண்டு முழுவதும் அவள் அந்தக் கூடத்தில் பென்சிலைத் தவிர வேறொன்றையும் அதிகமாகத் தொடவில்லை என்பதை நான் தாமதமாகவே அறிந்தேன். 17 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கும் எனக்கு அது பெரிய வருத்தம்.

பணம் கட்டுவதற்கு முன் டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன். பிள்ளைகளைக் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிரித்து, அந்தந்த வகைக்கேற்பக் கற்பித்தால் நன்றாகக் கற்பார்கள் என்ற கருத்து ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் சொல்லப்படுகிறது. 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ஆகவே ஒரு வினாத்தாளைக் கொடுத்து என் பிள்ளையின் நெற்றியில் ஒரு வகையை ஒட்டிவிடுவார்களோ என்பதே என் ஐயம். டீச்சர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை எந்த வகை என்று தாங்கள் முடிவு செய்வதில்லை என்றும், இந்த வேலையை இந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் பார்ப்பதாகவும், தொடங்கும் வாசல் பலவாக இருக்கலாம், முடிக்க வேண்டிய தரம் எல்லாருக்கும் ஒன்றே என்றும் அவர் சொன்னார். 1990இல் ஷெர்ரி டர்க்கிள், சீமோர் பாப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினி நிரல் எழுதுவோரைக் கவனித்து, திட்டமிட்டுப் படிப்படியாக இறங்குவோரும் உண்டு, கிடைத்ததை வைத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தே முடிவுக்கு வருவோரும் உண்டு, இரண்டும் மதிக்கத் தக்க வழிகளே என்று எழுதியிருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். கற்கும் வகை வேறு, வேலை செய்யும் முறை வேறு என்ற தெளிவு அவரிடம் இருந்தது.

முதல் இரண்டு நாள் யாரும் எதையும் கற்பிக்கவில்லை. 40 தென்னை ஈர்க்கில், கொஞ்சம் நூல், இரண்டு செய்தித்தாள், 60 செ.மீ இடைவெளியில் வைத்த இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு முழுத் தேங்காயைத் தாங்கும் பாலம் கட்ட வேண்டும் என்பதே வேலை. பெரியவர்கள் குறிப்பேட்டுடன் சுற்றி நடந்தார்கள். யார் தாளைத் தேடுகிறார்கள், யார் ஈர்க்கிலை வளைத்துப் பார்க்கிறார்கள், யார் பக்கத்துப் பிள்ளையிடம் பேசிக்கொண்டே யோசிக்கிறார்கள், யார் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே மூச்சில் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டன. அந்தக் குறிப்பேட்டை எனக்குக் காட்டினார்கள். என் மகளைப் பற்றி, 'முதலில் உடைத்துப் பார்த்தாள். எங்கே ஒடிந்தது என்பதை மறுமுறை நினைவில் வைத்திருந்தாள்' என்று இருந்தது. இரண்டாவது வரியை எழுதத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர் என்பது என் எண்ணம். பொறுமையில்லாத பிள்ளை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. குறிப்புகள் இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாக எழுதப்பட்டன. பழையவை அடித்துத் திருத்தப்பட்டிருந்தன.

மூன்றாம் நாளிலிருந்து எல்லாருக்கும் பொதுவான வேலை தரப்பட்டது. முற்றத்தில் காயப் போட்ட கொப்பரையோ ரப்பர் ஷீட்டோ கருவாடோ மழையில் நனையாமல் காக்க ஒரு கருவி செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில் இந்தத் தேவையைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கூடத்தின் ஒரு பக்கம் வரைமேசை, ஒரு பக்கம் அட்டையும் பசையும், இன்னொரு பக்கம் பழைய மிக்ஸி, மின்விசிறி, குடை போன்ற பிரித்துப் பார்க்கத் தக்க பொருள்கள். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். எழுதத் தயங்கும் பிள்ளைகள் தங்கள் எண்ணத்தைக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பையன் அப்படிப் பேசிப் பேசியே தன் கருவாட்டுத் தட்டியை வடிவமைத்தான்.

அக்கா மகன் இரண்டு நாள் வரைந்தான். மழைத்துளி விழுந்ததும் ஒரு சிறிய சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) 30 செ.மீ நீளமுள்ள கையைத் தூக்கித் தார்ப்பாயை இழுத்து மூடும் என்பது அவனுடைய திட்டம். படம் அழகாக இருந்தது. டீச்சர் அதைப் புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. மோட்டாரின் விவரத்தாளை மட்டும் அவன் கையில் கொடுத்தார். அந்த மோட்டாரின் முறுக்குத்திறன் ஏறத்தாழ 1.8 கிலோ-செ.மீ. அதாவது அச்சிலிருந்து 1 செ.மீ தள்ளி 1.8 கிலோவைத் தாங்கும், 30 செ.மீ தள்ளினால் 60 கிராம்தான். கணக்கைப் போட்டுப் பார்த்தவன் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டான். அப்போது ஆசாரி தாத்தா அவன் பக்கத்தில் வந்து, “தூக்கணும்ணு ஆரு மக்களே சொன்னா? விழ விட்டாப் போராதா?” என்று கேட்டிருக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்ததும், “சித்தி, மோட்டார் ஒரு கொக்கிய மட்டும் இழுத்தாப் போதும்” என்று அவன் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மணல் நிரப்பிய பாட்டில் கீழே இறங்க, கயிற்றின் மறுமுனையில் கட்டிய பாய் கம்பியில் வழுக்கிக்கொண்டு போய் மூடும். மோட்டாருக்கு வேலை கொக்கியை விடுவிப்பது மட்டுமே. திட்டமிடுகிற பிள்ளைக்கு விடையைச் சொல்லிக் கொடுக்காமல், அவன் திட்டத்துக்குள்ளேயே மோதிக்கொள்ளும் ஓர் எண்ணைக் கொடுத்ததும், பிறகு சரியான நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்டதும் நான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக எனக்குப் பட்டன.

என் மகள் வேறு வழியில் போனாள். மழையை உணரும் சிறு பலகையை அர்டுயினோ என்னும் சிறிய கணினிப் பலகையுடன் இணைத்து, அதில் தண்ணீர் தெளித்தாள், விரலால் அழுத்தினாள், உப்புத்தண்ணீர் விட்டாள், ஈரத்துணியைப் போர்த்தினாள். பலகையின் மேல் இரண்டு செம்புக் கோட்டு வரிசைகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. துளி விழுந்து அவற்றை இணைக்கும்போது மின்தடை குறைகிறது, உலர்ந்திருக்கும்போது அர்டுயினோ 1023க்கு அருகில் காட்டும் அளவு எண்ணும் இறங்குகிறது. வியர்த்த விரலும் அதே வேலையைச் செய்யும் என்பதை அவள் தானாகவே கண்டுபிடித்தாள். ஈரத்துணியோடு மின்சாரத்தையும் நிறுத்தாமல் ஒரு நாள் இரவு விட்டுவிட்டு வந்ததில், மறுநாள் காலை ஒரு வரிசைக் கோடுகள் கறுத்து அரித்துப்போயிருந்தன. வேறோர் இடமாக இருந்தால் பொருளைக் கெடுத்ததற்குத் திட்டு விழுந்திருக்கும். இங்கே அன்று காலை வகுப்பே அந்தக் கெட்டுப்போன பலகையை வைத்து நடந்தது. ஈரமான இரண்டு செம்புக் கோடுகளுக்கு இடையே ஒரே திசையில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கத்துச் செம்பு கரைந்து போகும். ஆகவே பலகைக்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காமல், சில நொடிகளுக்கு ஒருமுறை அளக்கும்போது மட்டும் கொடுக்க வேண்டும். துளி தேங்கி நிற்காதபடி பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளே சேர்த்துக்கொண்டார்கள். கடற்காற்று வீசும் குளச்சலிலோ முட்டத்திலோ வைக்கப்படும் கருவிக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பயிற்சியில் நான் மிகவும் மதிப்பது ஏழாம் நாளில் நடந்தது. அன்று எல்லாரும் தங்களுக்குப் பழக்கமில்லாத வாசலில் நுழைய வேண்டும். அக்கா மகன் பென்சிலைத் தொடாமல் 15 நிமிடத்தில் அட்டையில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். என் மகள் தன் கருவிப் பெட்டியை அளவோடு வரைந்து ஆசாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் படத்தை மட்டும் பார்த்துப் பலகை அறுப்பார். படத்தில் பெட்டியின் வெளி அளவு சரியாக இருந்தது. பலகைக்கும் தடிப்பு உண்டு என்பதை அவள் மறந்துவிட்டாள். 6 மி.மீ பிளைவுட், இரண்டு பக்கமும் சேர்த்து 12 மி.மீ உள்ளே குறைந்ததில் அர்டுயினோ பலகை பெட்டிக்குள் நுழையவில்லை. அன்று மாலை அவள் அழுதாள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மறுநாள் காலை 8 மணிக்கே கிளம்பிப் போய் மூலைமட்டத்தை வைத்துப் புதிய படம் வரைந்தாள். வரைபடம் என்பது மதிப்பெண்ணுக்காக ஆசிரியரிடம் காட்டும் தாள் என்றே அதுவரை எண்ணியிருந்தவளுக்கு, அருகில் இல்லாத ஒருவர் கையிடம் பேசும் மொழி அது என்பது அப்போது புரிந்திருக்கிறது. பிள்ளையின் போக்குக்கு இடம் கொடுப்பது என்றால் அந்தப் போக்கிலேயே அடைத்துவைப்பது என்று பல இடங்களில் புரிந்துகொள்கிறார்கள். இங்கே அந்தத் தவறு, இந்த ஒரு நாளைப் பொறுத்தவரை, நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 1966இல் கட்டப்பட்ட, 28 தூண்களின் மேல் பரளியாற்றைக் கடந்து, மிக உயர்ந்த இடத்தில் 115 அடி உயரத்தில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுசெல்லும் பாலம் அது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் சுற்றுலாவாகப் பலமுறை பார்த்திருப்பார்கள். தொட்டியின் இரண்டு சுவர்களையும் மேலே இணைக்கும் குறுக்கு விட்டங்கள் எதற்கு என்ற ஒரே கேள்வியோடு போனதுதான் வேறுபாடு. சிலர் வரைந்தார்கள், சிலர் எண்ணினார்கள், ஒரு பிள்ளை பிஸ்கட் டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு அதன் சுவர்களை விரலால் உள்ளிருந்து தள்ளிப் பார்த்தது. தண்ணீர் சுவர்களை வெளியே தள்ளும், விட்டம் அவற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தும் என்ற விடைக்கு அவரவர் வழியில் வந்து சேர்ந்தார்கள்.

இனிக் குறைகள். கூடத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது. விளம்பரத் தாளில் அதன் படம்தான் பெரிதாக இருந்தது. 18 பிள்ளைகளுக்கு ஒரே இயந்திரம். 0.2 மி.மீ தடிப்புள்ள அடுக்குகளாக ஏறும் 4 செ.மீ உயரமுள்ள பொருளுக்கு 200 அடுக்குகள். ஒரு சிறிய மூடிக்கே இரண்டு மணி நேரம் ஆனது. இதனால் எல்லாருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு. முதல் முறையிலேயே சரியாக வரும்படி கணினியில் வரைந்து முடிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தும். நான்கு முறை செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு நான்கு முறை என்பதே கிடையாது. சொல்லில் எல்லா வழிகளுக்கும் இடம் கொடுத்துவிட்டு, கருவியின் வழியாக ஒரு வழிக்கு மட்டும் சலுகை காட்டுவது சரியன்று. அட்டையிலோ மரத்திலோ மூன்று முறை செய்து பார்த்த பிறகே அச்சுக்குப் போகலாம் என்று விதி வைத்திருந்தால் இந்தக் குறை பாதி தீர்ந்திருக்கும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பத்தாம் நாள் நேரம் போதவில்லை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். பிரித்ததும், அதுவரை கவனமாக எழுதிய குறிப்பேட்டை வைத்து, நன்றாக வரைபவருக்கு வரையும் வேலை, நன்றாக வெட்டுபவருக்கு வெட்டும் வேலை, நன்றாகப் பேசுபவருக்கு விளக்கிச் சொல்லும் வேலை என்று பங்கிட்டுவிட்டார்கள். ஏழாம் நாள் செய்ததைப் பத்தாம் நாள் அழித்ததாகவே எனக்குத் தோன்றியது. அதிலும் இரண்டு குழுக்களில் பெண்பிள்ளைகளிடம் வண்ணம் தீட்டுவதும் பெயர்ப்பலகை எழுதுவதும் வந்து சேர்ந்தன. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் எண்ணவில்லை. அவசரத்தில் பழைய வழக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் சொன்ன பிறகு அந்த வேலைகளைச் சுழற்சி முறையில் மாற்றினார்கள், ஆனால் அதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

இறுதி அறிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாரும் 8 பக்க அறிக்கை தர வேண்டும்: தேவை, முதல் எண்ணங்கள், வரைபடங்கள், தேர்ந்தெடுத்த வடிவம், செய்முறை, மதிப்பீடு என்று வரிசை மாறாமல். என் மகள் கருவியைச் செய்து முடித்த பிறகு, பதினொன்றாம் நாள் இரவு, வீட்டில் உட்கார்ந்து 'முதல் எண்ணங்கள்' என்ற தலைப்பின் கீழ் மூன்று படங்களை வரைந்தாள். அவற்றில் இரண்டை அவள் ஒருபோதும் எண்ணியதே இல்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதப் பிள்ளையைப் பழக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அவள் உண்மையில் வைத்திருந்தவை கிழிந்த அட்டை மாதிரிகள் நான்கும் அரித்துப்போன பலகையும். அவற்றைத் தேதியிட்டுப் படம் எடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தால் அதுவே நேர்மையான அறிக்கை. அக்கா மகனுக்கு அந்த 8 பக்கம் இயல்பாக வந்தது, உண்மையாகவும் இருந்தது. டீச்சரிடம் இதைச் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டார்.

மற்றவை சிறியன. ஒரே கூடத்தில் ரம்பம் அறுக்கும் ஓசையும் பேச்சும் கலந்திருப்பதால், அமைதியாக யோசிக்கும் பிள்ளைகளுக்குப் பின்கட்டில் ஒரு மேசையாவது போட வேண்டும். மின்வெட்டு வந்த இரண்டு நாளிலும் மரவேலையைத் தொடர்ந்து நடத்தினார்கள், நேரம் வீணாகவில்லை. பாதுகாப்பில் கவனம் நன்றாக இருந்தது. மின்கம்பிகளைப் பற்றவைக்கும் கருவியை (சால்டரிங் அயர்ன்) ஒரு பெரியவர் அருகில் இல்லாமல் யாரும் தொடவில்லை. 4,500 ரூபாய் எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. கட்டணமின்றிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள், கேட்டால் உதவுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த அணி காலாண்டு விடுமுறையில் தொடங்கும் என்கிறார்கள். என் மகளை மீண்டும் அனுப்புவேன். குழுவில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், எப்போது மாறுகிறார்கள் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை இடது கைப் பழக்கம் உள்ளதென்றால், அதற்கேற்ற கத்தரிக்கோல் அங்கே இல்லை. வலது கைக்காரர்களின் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்ட வேண்டிய கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒரு பெண்பிள்ளை 12 நாளும் அதோடு போராடுவதைப் பார்த்தேன். வீட்டிலிருந்தே ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.